முன்னால் மட்டும் புது டயர்

திருவேங்கடம் ஜீப்புக்கு அடியில் மல்லாந்து கிடந்தான். வெளியே தெரிந்தது இரண்டு கால்கள் மட்டும். வேலை செய்கிறவனின் கால் இப்படி ஆடாது என்று அம்சா நினைத்தாள். வலது கட்டைவிரல் செல்போன் பாட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. பதினேழாம் நம்பர் ஸ்பானர் வேண்டுமாம். அம்சா வேண்டுமென்றே பதினான்கை எடுத்து நீட்டினாள். அது உள்ளே போனது. சிறிது நேரம் இரும்போடு இரும்பு உரசும் சத்தம்.

"ஆங், கரெக்டா உக்காந்துடுச்சி" என்றது குரல்.

அம்சா சிரிக்கவில்லை. கணவனைப் பார்த்துச் சிரிப்பு வருகிற கட்டத்தை அவள் எப்போதோ தாண்டிவிட்டாள்.

பையனூருக்கு உள்ளே தள்ளி இருந்த அந்த வீட்டில் உருப்படியான இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த ஷெட்தான். நல்ல உயரம், சிமென்ட் தரை, தெருவைப் பார்த்த இரும்புக் கதவு, பக்கத்திலேயே போர் தண்ணீர். மாவு மிஷின் போட இதைவிட வாட்டமான இடம் கிடையாது. அம்சாவின் இட்லி மாவு மாமல்லபுரத்துத் தங்கும் விடுதிகளில் பாதிக்குப் போகிறது. மீதிப் பாதியும் கேட்கிறது. அடுக்களை மூலையில் முனகும் சின்ன கிரைண்டரை வைத்துக்கொண்டு கேட்டு வருகிறவர்களைத் தினம் திருப்பி அனுப்புகிறாள். பெரிய கிரைண்டர் வாங்கியாகிவிட்டது. வைக்க இடமில்லாமல் தார்ப்பாய் சுற்றி ஹாலில் டி.வி.க்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது. ஒரு முறை கேஸ் சிலிண்டர் போட வந்தவன் உள்ளே ஏதோ சாமி சிலை இருக்கிறதென்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஷெட்டில் ஜீப் நிற்கிறது. நிற்கிறது என்பதைத் தவிர அதைப் பற்றிச் சொல்ல வேறு வினைச்சொல் கிடையாது.

திருவேங்கடத்துக்கு மனை விற்பது தொழில். திருப்போரூரைச் சுற்றி எந்த வயலில் கல் நட்டாலும் அதன் ஓரத்தில் கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டு நிற்பான். அப்பன் உழுத நிலத்தை முதலில் விற்றான். அது சுலபமாக இருக்கவே ஊரார் நிலத்தையும் விற்க ஆரம்பித்தான். செல்போனில் அவன் போடும் வீடியோக்களில் பெயர் திருவேங்கடம் இல்லை. 'ஃபோர் பை ஃபோர் வெங்கி'. நாலு சக்கரமும் இழுக்கும் பழைய ஜீப்பைத் தானே பிரித்து, தானே பூட்டி, அதில் ஆள் ஏற்றிப் போய்க் கடலோர மனைகளைக் காட்டும் மாவீரன். எல்லா வீடியோவிலும் ஜீப்பின் முகத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு பேசுவான். வண்டி நகர்வது எதிலும் கிடையாது. உறுமல் சத்தம் மட்டும் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கும்.

இந்த மாவீரனுக்கு ஒரு குரு. பெயர் நிதின். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. 'கடற்கரைச் சாலை ஜீப் சிங்கங்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவன். சிங்கங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பளபளவென்று கழுவின ஜீப்புகளில் முட்டுக்காடு வரை வரும், நாஸ்தா தின்னும், ஒன்றையொன்று படம் எடுத்துக்கொள்ளும், வெயில் ஏறுவதற்குள் ஏ.சி.க்குத் திரும்பிவிடும். நிதின் கையில் ஒரு நாளும் கிரீஸ் பட்டு அம்சா பார்த்ததில்லை. ஆனால் எந்த நட்டை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதற்கு அவனிடம் ஒரு வெளிநாட்டுக்காரனின் வீடியோ இருக்கும்.

ஆடிக் கிருத்திகையன்று திருப்போரூர் கோயிலில்தான் அம்சா கணவனைப் பிடித்தாள். தம்பி ரஞ்சித்குமாரும் கூட இருந்தான். சந்நிதிக்கு வெளியே தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. ஷெட்டை எப்போது காலி செய்வாய் என்று நேராகவே கேட்டாள். மச்சான் எதிரில் மட்டமாகிவிடக் கூடாதே என்று திருவேங்கடம் நெஞ்சை நிமிர்த்தினான். ஆயுத பூஜைக்குள் ஜீப் சதுரங்கப்பட்டினத்துச் சவுக்குத் தோப்பு மணலில் ஏறி இறங்கி, யார் கயிறும் கட்டாமல் சொந்தக் காலில் வீடு திரும்பும். திரும்பாவிட்டால் வண்டி காயலான் கடைக்கு, ஷெட் உனக்கு. திரும்பிவிட்டால் ஷெட் பேச்சை இந்த ஜென்மத்தில் எடுக்கக் கூடாது. சொல்லிவிட்டு உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தான்.

கை சுட்டது. அதற்கும் ஒரு வீடியோ போட்டான்.

வாய்ப்பேச்சாக இருந்தால் அடுத்த வாரமே மறந்துபோகிற ஆள். கற்பூரம் அணைத்த சத்தியத்தை மட்டும் அவனால் மீற முடியாது. ஒவ்வொரு மனை கைமாறும்போதும் பத்திரத்தை முதலில் முருகன் காலடியில் வைத்து எடுக்கிறவன். சத்தியம் தப்பினால் ஒரு கல்கூட விற்காது என்று மனசார நம்புகிறவன். அவன் பக்தியின் மேல் அம்சாவுக்கு மரியாதை கிடையாது. நம்பிக்கை நிறைய உண்டு.

இப்போது ஆயுத பூஜை நெருங்கிவிட்டது.

ஜீப் அறவே ஓடாது என்று சொல்ல முடியாது. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும்போது தெருக்கோடி வரை போகும், வரும். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவரைத் தள்ளி நாலு சக்கரத்தையும் சேர்த்தால்தான் வினை. பத்து கெஜம் போவதற்குள் ஸ்டியரிங் கல்லாகிவிடும். டயர் கிறீச்சிடும். தெரு முனையில் திருப்பினால் யாரோ அடியிலிருந்து கட்டிப் பிடித்துக்கொண்டதைப் போல நின்று, குலுங்கி, அணைந்துவிடும். அதற்கப்புறம் சின்ன லீவரை வெளியே இழுக்க ஆண்டவனாலும் ஆகாது.

மணலுக்கு நாலு சக்கரமும் வேண்டும். அதுதான் இல்லை.

நிதின் முதலில் டீசலில் தண்ணீர் என்றான். டேங்கைக் கழற்றிக் கழுவினார்கள். பிறகு கிளட்ச் என்றான். செங்கல்பட்டு போய்ப் புதுத் தட்டு வாங்கி மாற்றினார்கள். பிறகு கியர் பெட்டி. அதை இரண்டு பேரும் இறக்கி, படம் எடுத்து, ஏற்றியபோது ஒரு போல்ட் மிஞ்சியது. கம்பெனிக்காரன் எச்சாகப் போட்டிருப்பான் என்று முடிவு செய்து அதை ஜன்னல் திட்டில் வைத்தார்கள். ஒரு தடவை தெரு முனையில் வண்டி இறுகி நின்றபோது நாலு பேரைக் கூட்டிவந்து பின்பக்கமாகவே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கொஞ்ச தூரம் பின்னால் உருண்டதும் 'டக்' என்று சின்ன லீவர் தானாகவே விடுபட்டு விழுந்தது. சூடு ஆறிவிட்டது என்றான் நிதின். ஆமாம் என்றான் திருவேங்கடம். இரண்டு பேரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

அம்சா மட்டும் லீவரைப் பார்த்தபடி நின்றாள். ஆறினதா? பானட்டில் கை வைத்தாள். சுட்டது.

அன்றிலிருந்து அவள் மூக்கில் ஒரு வாடை ஒட்டிக்கொண்டது. வண்டி இறுகும்போதெல்லாம் வரும் ரப்பர் கருகல் வாடை. அவளுக்கு அது பழக்கமான வாடை. போன வருஷம் அடுக்களை கிரைண்டரில் ஓடும் இரண்டு பெல்ட்டில் ஒன்று அறுந்தது. ஒன்று போதும் என்று திருவேங்கடம் ஒன்றை மட்டும் புதிதாக வாங்கி வந்து மாட்டினான். பழையது நீண்டு தளர்ந்தது, புதியது இறுக்கமானது. இரண்டும் ஒரே மோட்டாரில் ஓட வேண்டும். ஒன்றையொன்று இழுத்துப் பிடித்து, உளுந்து பாதி மசிவதற்குள் இதே வாடை வந்தது. ஜோடியாக ஓட வேண்டியதை ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று அன்றைக்கே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்ததா என்று கேட்பதே வீண்.

ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். முன் சக்கரங்களில் கரும்பன்னி மாதிரி கொழுத்த புது டயர்கள். பின்னால் போய்ப் பார்த்தாள். பழைய டயர்கள், வழுக்கை, இரண்டு விரல் குட்டை. டயர் வாங்கி வந்த அன்று அவள் கேட்டுத்தான் இருந்தாள், பின்னாடிக்கு எங்கே என்று.

"பின்னாடி யாருடி பாக்கப் போறா?" என்றிருந்தான் ஃபோர் பை ஃபோர் வெங்கி. "வீடியோல மூஞ்சிதான் வுழும்."

மறுநாள் காலை வாசலில் கோலம் போட்டுவிட்டு மிச்ச மாவைத் தண்ணீரில் குழைத்து எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு வந்தாள். இடது முன் டயரில் ஒரு பட்டை இழுத்தாள். வலது பின் டயரில் ஒரு பட்டை. திருவேங்கடம் வண்டியைக் கழுவ வெளியே தள்ளியபோது தானும் ஒரு கை கொடுத்தாள். சிமென்ட் தரையில் இரண்டு பக்கமும் வெள்ளை முத்திரை விழுந்துகொண்டே போனது. முன் டயரின் முத்திரைகள் தள்ளித் தள்ளி விழுந்தன. பின் டயரின் முத்திரைகள் கிட்டக் கிட்ட விழுந்தன.

அவ்வளவுதான் விஷயம். சின்ன லீவர் முன்னையும் பின்னையும் ஒன்றாகக் கட்டிப்போடுகிறது; இரண்டும் ஒரே சுற்றுத்தான் சுற்ற முடியும். ஒரு சுற்றில் பெரிய டயர் அதிக தூரம் போகப் பார்க்கிறது. சின்ன டயர் அந்த தூரம் வர முடியாமல் பிடித்து இழுக்கிறது. தார் ரோட்டில் இரண்டுக்கும் வழுக்க இடமில்லை. முறுக்கு உள்ளே ஏறிக்கொண்டே போய் வண்டியைப் பூட்டிவிடுகிறது. பின்னால் உருட்டினால் முறுக்கு அவிழும், லீவர் கழன்று விழும். டீசலும் இல்லை, கிளட்ச்சும் இல்லை, கியர் பெட்டியும் இல்லை. நாலும் ஒரே டயராகப் போட்டால் முடிந்தது.

சொல்லலாமா?

சொன்னால் இன்றைக்கே இன்னும் இரண்டு டயர் வரும். ஜீப் ஓடும். சத்தியம் ஜெயிக்கும். ஷெட் பேச்சு ஜென்மத்துக்கும் கிடையாது. பெரிய கிரைண்டர் டி.வி.க்கு முன்னால் தார்ப்பாய்க்குள் தவம் கிடக்கும்.

அம்சா ஒரு பக்கெட் தண்ணீர் எடுத்துவந்து தரையில் இருந்த முத்திரைகளின் மேல் ஊற்றினாள். துடைப்பத்தால் நன்றாகத் தேய்த்தாள்.

ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சிங்கங்கள் புறப்பட்டன. முன்னால் திருவேங்கடத்தின் ஜீப். பக்கத்து சீட்டில் செல்போனும் குச்சியுமாக நிதின். பின் சீட்டில் அம்சா. சாட்சிக்கு நீ வந்தே தீர வேண்டும் என்று கணவன்தான் ஏற்றியிருந்தான். பின்னால் நாலைந்து ஜீப்புகள் கண்ணாடி போல மின்னிக்கொண்டு வந்தன. அதில் ஒன்றின் டயரில் கடைக்காரன் ஒட்டின ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை.

போகும்போது நாலு சக்கரத்தைச் சேர்க்கவில்லை. எதற்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று பின் சக்கர இழுவையிலேயே ஓட்டினான். சதுரங்கப்பட்டினத்துக்கு அந்தப்புறம், அவன் விற்கப்போகும் சவுக்குத் தோப்பின் வாயில் வரை வண்டி ஒழுங்காக வந்தது. மணல் ஆரம்பமாகும் இடத்தில் நிறுத்தினான். குடும்பத்துக்கு உருகாத கண்கள் செல்போனைப் பார்த்து உருகின. "வெற்றிவேல்" என்று சொல்லிச் சின்ன லீவரைத் தள்ளினான்.

அம்சா சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இதோ, இப்போது இறுகும்.

இறுகவில்லை.

ஜீப் எருமை சேற்றில் இறங்குவது மாதிரி சுகமாக மணலில் இறங்கியது. புரண்டது. மேட்டில் ஏறியது. சவுக்கு மரங்களுக்கு நடுவே வளைந்தது. ஒரு கிறீச்சல் இல்லை, ஒரு குலுக்கல் இல்லை. கருகல் வாடைக்குப் பதில் கடல் காற்றுதான் வந்தது.

அம்சாவுக்குப் புரிய சிறிது நேரம் பிடித்தது. இது மணல். பொலபொலவென்று விட்டுக்கொடுக்கும் மணல். பெரிய டயரும் வழுக்கிக்கொள்ளலாம், சின்ன டயரும் வழுக்கிக்கொள்ளலாம். சண்டை போட அவசியமே இல்லை. கல் மாதிரி இறுகிய தார் ரோட்டில் பூட்டிக்கொள்கிற வண்டிக்கு இந்த மணல்தான் சொர்க்கம். எல்லாம் கண்டுபிடித்த அவள் இதை மட்டும் யோசிக்கவில்லை.

சிங்கங்கள் கை தட்டின. ஸ்டிக்கர் ஜீப்காரன் தானும் வருகிறேன் என்று இறங்கி முதல் மேட்டிலேயே புதைந்தான். அவனைத் திருவேங்கடத்தின் ஜீப்தான் இழுத்து வெளியே போட்டது. அதையும் நிதின் இரண்டு பக்கமிருந்து படம் எடுத்தான். பழைய இரும்பைச் சிங்கமாக்கிய கை இந்தக் கை என்று திருவேங்கடம் செல்போனுக்குக் கையைக் காட்டினான். பின் சீட்டில் உட்கார்ந்திருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்து, கிரைண்டரை யாருக்காவது விற்றுத் தருகிறேன் என்று அன்பாகச் சொன்னான்.

அந்த அன்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

திரும்பத் தார் ரோட்டில் ஏறும் இடத்தில் அவன் கை சின்ன லீவர் மேல் போனது. இழுத்துவிட்டிருப்பான். இழுத்திருந்தால் பின் சக்கர இழுவையிலேயே வீடு போய்ச் சேர்ந்திருப்பான். அம்சாவின் மூன்று வருஷக் கனவு பூஞ்சேரி தாண்டும்போதே செத்திருக்கும்.

"ப்ரோ, லீவர் அப்டியே உள்ள இருக்கட்டும்" என்றான் நிதின். "ஹைவேல ஃபோர் வீல்ல போற மாதிரி ஒரு க்ளோசப் வேணும்."

கை விலகியது. குருவின் வாக்கு.

கொஞ்ச தூரத்திலேயே டயர் முனக ஆரம்பித்தது. இதுதான் பவர் என்றான் நிதின். ஸ்டியரிங் கனத்தது. திருவேங்கடம் பல்லைக் கடித்துக்கொண்டு, இரும்பென்றால் கனம் இருக்கத்தானே செய்யும் என்றான். வெங்கம்பாக்கம் பக்கத்தில் நடுத்திட்டில் இடைவெளி விட்டிருந்த இடம் வந்தது. வெளிச்சம் முகத்தில் சரியாக விழவில்லை, ஒரு யூ-டர்ன் போட்டு எதிர்ப்பக்கம் வந்தால் பின்னணியில் சவுக்கும் வரும் என்று நிதினுக்குத் தோன்றியது. திருவேங்கடம் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தான்.

முழு வளைவு. கெட்டித் தார். பெரிய டயர் முன்னே, சின்ன டயர் பின்னே.

வண்டியின் அடிவயிற்றில் யாரோ சங்கிலியைச் சுண்டியிழுத்த மாதிரி ஒரு சத்தம். ஜீப் துள்ளியது. ரோட்டுக்குக் குறுக்கே, மூக்கு எதிர் ரோட்டிலும் முதுகு இந்த ரோட்டிலுமாக நின்று அணைந்துபோனது.

பின்னால் வந்த பஸ் பிரேக் அடித்தது. அதற்குப் பின்னால் கார்கள், மீன் வண்டி, கோழி வண்டி. ஹாரன் சத்தத்தில் சிங்கங்கள் ஓரம் கட்டின. முட்டுக்காட்டில் டேபிள் சொல்லி வைத்திருக்கிறது என்று ஒன்றிரண்டு சிங்கங்கள் அப்படியே கழன்றுகொண்டன. திருவேங்கடம் சாவியைத் திருப்பினான், எஞ்சின் எடுத்தது, கிளட்ச்சை விட்டதும் மறுபடி செத்தது. சின்ன லீவரை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினான். அசையவில்லை. நிதின் பானட்டைத் திறந்து, டீசல் வரவில்லை போலிருக்கிறது என்றான். நாலு பேர் பின்னாலிருந்து முன்னே தள்ளினார்கள். தள்ளத் தள்ள இறுகியது.

பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினான். "யோவ் கூலிங் கிளாசு, ரெண்டடி பின்னாடி எடுய்யா. பஸ்ஸு பூடும்."

அம்சா சட்டென்று கண்டக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஆள் தன் பஸ்ஸுக்கு வழி கேட்டான். ஆனால் கேட்டது சரியான மருந்தை.

திருவேங்கடம் நிமிர்ந்தான். நிதினின் செல்போன் இன்னும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இது ஃபோர் பை ஃபோர் வண்டி. முன்னாடிதான் போவும்" என்றான். "நீ ஒன் பஸ்ஸப் பாரு."

பஸ் ஒருவழியாக மண்ணில் இறங்கி ஒதுங்கிப் போனது. ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். வெயில் ஏறியது. திருவேங்கடத்தின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சத்தியம் அவன் முகத்தில் தெரிய ஆரம்பித்தது. கூலிங் கிளாசைக் கழற்றிவிட்டு, கோயில் இருக்கும் திசை எது என்று தேடுகிற மாதிரி வடக்கே பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டான்.

அதைப் பார்த்துத்தான் அம்சா இறங்கினாள். எரிச்சலையும் மீறி ஏதோ ஒன்று அவளை இறக்கியது. தாலி கட்டியவன் நடுரோட்டில் அழப்போகிறான். ஒரு வார்த்தை போதும். ரிவர்ஸ் போடு. அவ்வளவுதான். ஷெட் போகும். போனால் போகட்டும்; வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றிவிட்டது. அருகே போனாள்.

"இந்தாய்யா, நான் ஒண்ணு சொல்றேன், கேளு..."

"நீ இன்னாத்த சொல்லப் போற?" அவன் திரும்பக்கூட இல்லை. "மாவு புளிச்சிச்சா இல்லியான்னு கேட்டா சொல்லு. ஓரமாப் போயி நெழல்ல நில்லு. வீடியோல வுழுந்துகினு கீற."

நிதின் சிரித்தான். செல்போனை லேசாகத் திருப்பி அவள் விழாத மாதிரி பார்த்துக்கொண்டான்.

அம்சா அந்த இரண்டு பேரையும் நன்றாக ஒரு முறை பார்த்தாள். பிறகு ஓரமாகப் போனாள். நிழலில் நின்றாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தம்பிக்குப் போன் போட்டாள்.

"ரஞ்சித்து, வெங்கம்பாக்கம் கிட்ட டிராக்டர எட்த்துகினு வா" என்றாள். "கயித்த மறந்துடாத."

ரஞ்சித்குமார் வந்து இறங்கினான். பெருமையாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். அவனுக்கு ஜீப்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. கயிறு கட்டத் தெரியும். கட்டுவதற்கு முன்னால் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டான்.

"மாமா, கற்பூரம் ஞாபகம் கீதுல்ல?"

திருவேங்கடம் கூலிங் கிளாசைத் திரும்ப மாட்டிக்கொண்டான். ரஞ்சித்குமார் முடிச்சைப் போட்டான்.

வீடு வரைக்கும் டயர்கள் அலறிக்கொண்டே வந்தன. பூஞ்சேரி முனையில் ஜனம் நின்று வேடிக்கை பார்த்தது. பையனூர்த் தெருவில் கறுப்புக் கோடு இழுத்துக்கொண்டு வந்து, ஷெட்டுக்குள் மூக்கை நுழைத்துத் தள்ளியபின்தான் சத்தம் அடங்கியது.

அன்று சாயங்காலம் முழுக்கத் திருவேங்கடம் வழக்காடினான். டிராக்டர் மச்சானுடையது, மச்சான் குடும்பத்து ஆள், சொந்தக் குடும்பத்துக் கயிறு வேற்றாள் கயிறு ஆகாது. ரஞ்சித்குமார் பஜ்ஜி தின்றுகொண்டே எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதை முருகன் எதிரில் போய்ச் சொல்லலாம் வா, நானும் வருகிறேன் என்று வண்டிச் சாவியை எடுத்தான். வழக்கு அதோடு முடிந்தது. நிதின் போனில் துக்கம் விசாரித்தான். வண்டியைத் தானே எடுத்துக்கொள்வேன், ஆனால் அபார்ட்மென்ட்டில் ஒரு காருக்குத்தான் இடம் என்றான்.

மறுநாள் காலை காயலான் கடை ஆள் வந்தான். வெற்றிலை மென்றுகொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தான். இழுத்துப் போகக் கயிறும், ஓட்ட ஒரு பையனோடு குட்டி யானை வண்டியும் கொண்டு வந்திருந்தான். சாவியைத் திருப்பிப் பார்த்தான். எஞ்சின் ஒரே உதறலில் எடுத்துக்கொண்டது. அவன் புருவத்தைத் தூக்கினான். ஷெட்டில் மூக்கு உள்ளே, முதுகு வெளியே நிற்கும் வண்டி. வெளியே வர ஒரே வழிதான். ரிவர்ஸ் போட்டான். வண்டி பின்னால் ஊர்ந்தது. முழங்காலில் எதுவோ இடிக்க, அது என்னவென்றுகூடப் பார்க்காமல் ஒரு தள்ளுத் தள்ளினான்.

'டக்.'

சின்ன லீவர் விழுந்தது. ஜீப் வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி தெருவுக்கு வந்தது, திரும்பியது, ஒரு உறுமல் உறுமியது. இந்த உறுமல் ஒட்டவைத்தது இல்லை.

அம்சா கணவன் முகத்தைப் பார்த்தாள். இந்த ஒரு கணத்துக்காகத்தான் அவள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள். முன்னாடி பெருசு, பின்னாடி சின்னது. மூன்று வருஷமாக உன் பேஜாரு அவ்வளவுதான். எனக்கு எப்போதோ தெரியும். அவன் முகம் உடையப்போகிறது. உடைந்ததும் சொல்ல வேண்டும், நிறுத்தி, நிதானமாக.

காயலான் கடை ஆள் தலையை வெளியே நீட்டினான். "இன்னா அண்ணாத்த, ஓட்ற வண்டியப் போயி காயலானுக்குப் போட்ற? இத ஒடைக்க மாட்டேன். செங்கல்பட்ல ஒரு பார்ட்டி கேட்டுகினு கீது."

ஜீப்பும் பின்னாலேயே குட்டி யானையும் தெருக்கோடியில் திரும்பி மறைந்தன. ஹாரன் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

திருவேங்கடத்தின் முகம் உடையவில்லை. மெல்ல மெல்ல மலர்ந்தது. மார்பு விரிந்தது. மனைவியின் தோளில் தட்டினான்.

"பாத்தியாடி? எப்டி போவுது பாரு. யாரு கட்ன வண்டி!"

அம்சா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சேர்த்து வைத்த வார்த்தைகள் நாக்கு நுனி வரை வந்து, இறங்க இடமில்லாமல் திரும்பிப் போயின. இவன் காதில் போட்டு எதற்கு வீணாக்க வேண்டும்? அவன் அதற்குள் செல்போனை உயர்த்திக்கொண்டு காலித் தெருவைப் படம் எடுக்க ஆரம்பித்திருந்தான். தன் கையால் உயிர் பெற்ற சிங்கம் புது வாழ்க்கை தேடிப் போகிறதாம்.

அவள் உள்ளே போய்ப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஷெட் தரையில் ஊறியிருந்த டீசல் கறையைச் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தாள். கறை முழுசாகப் போகவில்லை. மேலே கிரைண்டர் நிற்கும்போது தெரியாது. மத்தியானம் வயர்மேன் வந்து லைன் இழுத்தான். ரஞ்சித்குமாரும் அவன் ஆள்கள் இரண்டு பேரும் தார்ப்பாயை உரித்து, கிரைண்டரை உருட்டிக்கொண்டு வந்து நடு ஷெட்டில் நிறுத்தினார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க ஷெட்டில் இப்போது ஓடுகிற மிஷின் ஒன்று இருந்தது.

திருவேங்கடம் வாசலில் வந்து நின்று சுற்றிலும் பார்த்தான். கிரைண்டரைப் பார்க்கவில்லை. கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தைப் பார்த்தான்.

"நிதின் ஒரு பழைய மில்ட்ரி லாரி கீதுன்றான்" என்றான். "நாலு சக்கரம் இல்ல, ஆறும் இழுக்குமாம். எங்க நிறுத்துறதுன்னுதான் யோசிச்சிகினு கீறேன்."

அம்சா அவனை ஒரு விரலால் வெளியே தள்ளினாள். இரும்புக் கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அரிசி ஊறிவிட்டதா என்று பார்க்க உள்ளே போனாள்.